அப்பா பேரில் இருந்த கார்

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீரில் ஒன்று மட்டும் என் பேருக்கும் வரவில்லை, என் வீட்டுக்காரர் பேருக்கும் வரவில்லை. அது கார். சின்னக் கார், வெள்ளைக் கலர். ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பேரும் கோபிசெட்டிபாளையம் விலாசமும்தான் இருக்கும். பேரை மாற்றிக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரர் ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தார். "எதுக்குங்க மாப்பிள்ளை? நாளைக்கு ஒரு கேஸு கீஸுன்னா என்ற ஊட்டுக்கு வரட்டுமுங்க. உங்க வாசப்படி ஏற வேண்டாம்" என்று அப்பா முடித்துவிட்டார். எங்கள் பக்கம் இது ஒன்றும் புதுசு இல்லை. பொண்ணுக்குக் கொடுத்த வண்டி பல வீட்டில் அப்பன் பேரிலேயேதான் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

காரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கிரைண்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வாழ வந்த வீடு துடியலூரில். என் வீட்டுக்காரர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அந்த வீட்டுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த கிரைண்டர், முதன்முதலாக மாவு ஆட்டிய அன்றைக்கே, உளுந்து பாதி அரைபடும்போது நின்றுபோனது. கருகிய வாசம் வீடு பூராவும். அன்றைக்குப் பார்த்து வீடு நிறைய விருந்தாளிகள். என் மாமியார் சிரித்துக்கொண்டே, "மோட்டார் கட்டற ஊட்டுக்கே ஓடாத மோட்டாரை அனுப்பிப்போட்டாங்களாட்ட இருக்குது" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூணு வயசு. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். இப்போதும் அப்படித்தான், வயசுதான் ஏறியிருக்கிறது. உள் ரூமுக்குப் போய்ப் போனை எடுத்து அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அழுதேன், கத்தினேன், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று சாயங்காலத்துக்குள் எனக்கே மறந்துபோனது. மறுநாள் காலையில் அப்பா ஒரு டெம்போவில் புதுக் கிரைண்டரோடு வந்து இறங்கினார். காப்பி குடித்துவிட்டுப் பழைய கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதெல்லாம் நடந்து நாலு வருசம் இருக்கும். எனக்கு ஒரு பெண் பிறந்து மூணு வயசு முடிந்திருந்தது. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அங்கே கணக்கு டீச்சர் வீட்டிலும் எங்கள் கார் மாதிரியே ஒரு கார் உண்டு. அதே கம்பெனி, அதே வருசம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே அவர் சொன்னார்:

"மூணு நாளா பஸ்லதானுங்க டீச்சர் வாரேன். வண்டி கம்பெனியில நிக்குது. பிரேக் ஆயில் போற குழாய் ஒரு இரும்புப் பட்டையில உரசி உரசித் தேயுதாமா. நம்ம வருசத்து வண்டியில கொஞ்சத்துக்கு அப்படி இருக்குதுன்னு கம்பெனியில இருந்தே கடுதாசி போட்டாங்க. சும்மாவே மாத்தித் தர்றாங்க. நாங்கதான் சோம்பேறித்தனமா இருந்துபோட்டோம். ரெண்டாவது கடுதாசி வந்தப்புறம்தான் கொண்டுபோய் உட்டோம். உங்களுக்கு வரலீங்களா?"

"எங்க வண்டி அப்பா பேர்ல இருக்குதுங்க. வந்திருந்தா அன்னைக்கே போன் பண்ணியிருப்பாரு" என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வாழை சாய்ந்தால்கூட எனக்குப் போன் போடுகிற மனுசன் அவர்.

"எல்லா வண்டியிலயும் இல்லீங்களாமா. எதுக்கும் சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோய்க் காட்டிப் பாருங்க. லிஸ்டு வெச்சிருக்கறாங்க" என்றார் கணக்கு டீச்சர்.

அப்பா அதற்கு முந்தின நாள்தான் போன் பண்ணியிருந்தார். சனிக்கிழமை கோத்தகிரியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குப் புதுமனை புகுவிழா. என் வீட்டுக்காரரும் மாமியாரும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு காரில் போவதாக இருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் அரை நாள் இருந்ததால் நான் போகவில்லை. "மலைக்குக் காரு வேண்டாங்கண்ணு. மேட்டுப்பாளையத்துல காரை நிறுத்திப்போட்டு பஸ்ல போகச் சொல்லு" என்றார் அப்பா. அந்த வருசம் பூராவும் இதே பல்லவி. ஊட்டி போகிறோம் என்றால் வேண்டாம், வால்பாறை என்றால் வேண்டாம், மருதமலைக்குக்கூட அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போகச் சொல்லுவார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்கப்பா, கொடுத்த காரை நிறுத்தி வெச்சு அழகு பாக்கறதுக்கா கொடுத்தீங்க?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்காமல் நானே போனை வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தயங்கியபோதும், "நீங்க காருலயே போங்க, அவரு பேச்சைக் கேட்டா ஊட்டு வாசலைத் தாண்ட முடியாது" என்று சொல்லி அனுப்பி வைத்தது நான்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள். பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு வேறு வேலை இல்லை. ஆர்.சி. புத்தகம் பீரோவில் இருந்தது, காரில் ஜெராக்ஸ்தான் கிடக்கும். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம், எங்கள் வண்டி லிஸ்டில் இல்லை என்று திங்கட்கிழமை கணக்கு டீச்சரிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கள் வண்டி அந்தப் படியை மிதித்ததே இல்லை. என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர்தான் வழக்கமாகச் சர்வீஸ் பார்ப்பார்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். மரியாதையான மனுசன். "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கம்ப்யூட்டர் பேப்பர் கட்டை எடுத்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மர ஸ்கேலை நம்பர் நம்பராகக் கீழே நகர்த்தினார். ரெண்டு பக்கம் தாண்டியது. மூணாவது பக்கத்தில் ஸ்கேல் நின்றது. ஆர்.சி.யை ஒருதரம் பார்த்தார், பேப்பரை ஒருதரம் பார்த்தார்.

"இருக்குதுங்க" என்றார்.

"அப்படின்னா கடுதாசி ஏனுங்க வரலை?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் ஏறிவிட்டது. "இத்தனை மாசமா ஒரு குழந்தை அந்த வண்டியில போயிட்டு வந்துட்டு இருக்குது. ஒரு கடுதாசி போடறதுக்கு உங்களுக்கு என்னங்க கேடு?"

அவர் கோபப்படவே இல்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து நூல் போட்டுக் கட்டிய அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து வந்தார். ரிஜிஸ்டர் தபாலை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார்களே, அந்த அட்டைகள். தேடி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு இன்னொரு கட்டில் தேடி இன்னொன்றையும் எடுத்து வைத்தார்.

"ரெண்டு தடவை அனுப்பியிருக்கறமுங்க. முதலாவது எட்டு மாசத்துக்கு முன்னால. ரெண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கறாங்க, பாருங்க."

அது அப்பாவின் கையெழுத்து. தமிழில் முழுப் பேரையும் எழுதி, கடைசி எழுத்தின் வாலை இழுத்து, அடியில் ரெண்டு கோடு போடுவார். என் ரேங்க் கார்டில் போட்ட கையெழுத்து. என் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும்போது போட்ட கையெழுத்து. வேறு யாராவது அதே மாதிரி போட்டிருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன், அது அப்பா போட்டதுதான். கோபி தபாலாபீஸ் முத்திரை மேலே வட்டமாக விழுந்திருந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் போகிற ஒருத்தன் செய்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இதற்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"வண்டி இப்ப எங்கீங்க நிக்குது?" என்று கேட்டார் கண்ணாடி போட்டவர்.

"கோத்தகிரி போயிருக்குதுங்க" என்றேன்.

அவர் ஸ்கேலை மெதுவாகக் கீழே வைத்தார். "ஏறும்போது பயம் இல்லீங்க. இறங்கறப்பதான் பிரேக்கை மிதிச்சுட்டே வரோணும். எப்படியாச்சும் ஓட்ட வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றார்.

எப்படிச் சொல்வது? புது வீட்டுக்கு இன்னும் போன் வரவில்லை. அக்கம்பக்கம் யார் என்றும் தெரியாது. எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து கோபிக்குப் போட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"கார் கம்பெனிக்கு வந்திருந்தேனுங்கப்பா. ரெண்டு அட்டையும் பாத்துட்டேன்" என்றேன்.

அவர் அப்படியா என்று கேட்கவில்லை, எந்த அட்டை என்றும் கேட்கவில்லை. "மாப்பிள்ளை மலை ஏறிட்டாருங்களா?" என்றார்.

"காலையிலயே ஏறிட்டாங்க. பாப்பாவும் கூட இருக்குது."

"காருலயா?"

"காருலதானுங்க. நாந்தான் போகச் சொன்னேன்."

"நான் வாரேன்" என்றார். எங்கே வருகிறார் என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் போனேன். பாலம் தாண்டி, கோத்தகிரி ரோடும் குன்னூர் ரோடும் பிரிகிற இடத்தில் இறங்கிக்கொண்டேன். நான் மேலே ஏறினால், அதற்குள் அவர்கள் கீழே இறங்கிவிடலாம், வழியில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே போய்விடலாம். மேலே போகும் பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கார் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எதிரில் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். "பாத்தாச் சொல்றனுங்கம்மா" என்று பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் இருக்கிற கவனத்தில் அவர் எங்கே பார்க்கப் போகிறார். ஒரு டீக்கடை ஓரமாக, பாக்குத் தோப்பு நிழலில் நின்றுகொண்டு இறங்கி வருகிற வண்டிகளையே பார்த்தேன். வெள்ளைக் கார் எது வந்தாலும் நம்பரைப் பார்க்க ரோட்டோரம் வரைக்கும் ஓடினேன். அந்த ரோட்டில் வெள்ளைக் கார்தான் அதிகம்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாழைத்தாரோடு வருவார். இந்த ஏழெட்டு மாசமாக, சாப்பிட்டு முடித்ததும், "பெட்ரோல் போட்டுட்டு வாரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு போவார். போனால் ஒரு மணி நேரம் ஆகும். பங்க் இருக்கிறது ரெண்டு தெரு தள்ளி. "உங்கப்பாவுக்குக் காரைக் குடுத்துட்டு மனசு கேக்கலையாட்ட இருக்குது" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நாலு மணி சுமாருக்கு, சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்து அப்பா வந்து இறங்கினார். மலையிலிருந்து வருகிற வண்டி அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. வேட்டி கசங்கியிருந்தது. கையில் மஞ்சப்பை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றார். டீக்கடை, ஆட்டோக்காரர், யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

"எட்டு மாசமாங்கப்பா. எட்டு மாசம். தெரிஞ்சே உட்டீங்களா? பாப்பா போற வண்டிங்க. கடுதாசி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு வாய் வரலீங்களா உங்களுக்கு?"

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாசாமாசம் ஒரு மெக்கானிக்குகிட்டக் காட்டிப்போட்டுத்தான் உட்டேன். லேசாத்தான் உரசியிருக்குது, ஓட்டலாம்னான். மலைக்கு மட்டும் வேண்டாம்னான்" என்றார். "கம்பெனியிலதான் மாத்தோணுமாமா. ரெண்டு நாளைக்கு வண்டியைக் கேப்பாங்க. மாப்பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லிக் கேப்பேன்?"

"கடுதாசி வந்திருக்குதுன்னு சொல்லிக் கேக்கறது" என்று கத்தினேன். அப்பாவை அப்படி ரோட்டில் வைத்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. கேவலமாக இருந்தது, இருந்தாலும் வாய் நிற்கவில்லை. பிறகு ரெண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அஞ்சு மணிக்கு எங்கள் கார் வந்தது. நடந்து வருகிற மாதிரி அவ்வளவு மெதுவாக வந்தது, பின்னால் ரெண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. அப்பா ரோட்டின் நடுவிலேயே போய் நின்று கையைக் காட்டினார். என் வீட்டுக்காரர் ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்து நிறுத்தினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. "கடைசி ஏழெட்டு வளைவுல பெடல் தரை வரைக்கும் போவுது. ரெண்டு மூணு தடவை மிதிச்சாத்தான் புடிக்குது. பர்ஸ்ட் கியர்லயே உருட்டிக்கிட்டு வந்தேன். அம்மாகிட்டச் சொல்லலை" என்று என் காதோரம் சொன்னார். குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பியிருந்தது. நான் பின் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கினேன். அவள் வாயில் விருந்து வீட்டு லட்டு இருந்தது.

மாமியார் இறங்கி, "ஏனுங்க சம்பந்தி, நீங்க இங்க?" என்று கேட்டார்.

அப்பா மஞ்சப்பையிலிருந்து ரெண்டு கவர்களை எடுத்தார். ரெண்டும் ஓரம் கிழியாமல் பிளேடு வைத்து அறுத்தவை. தினமும் எடுத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. அதை மாமியார் கையில் கொடுத்து, "நாங் குடுத்த காருல குறை இருக்குதுங்க. எட்டு மாசமா எனக்குத் தெரியும். சொல்லாம மறைச்சுப்போட்டேன். பெரிய தப்புங்க" என்றார். கையைக் கூப்பப் போனார்.

மாமியார் கவர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இங்கிலீஷில் இருந்தது. காரைப் பார்த்தார், மகனின் சட்டையைப் பார்த்தார், முகம் வெளிறிப்போனது. பிறகு, "கம்பெனிக்காரன் பண்ணுன தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சொல்லியிருந்தா அன்னைக்கே கொண்டுபோய் உட்டிருப்போம். நாங்க என்ன சொல்லுவோம்னு பயந்தீங்க?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கிரைண்டர் அவர் ஞாபகத்திலேயே இல்லை.

அப்பா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

காரை டீக்கடைக்காரரிடம் சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டு, எல்லோரும் பஸ் ஏறினோம். திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் வேறு வண்டி கொண்டுவந்து அதைக் கட்டி இழுத்துப் போனார்கள். அப்பாவும் எங்களோடு துடியலூருக்கு வந்தார். பஸ்ஸில் எனக்கும் அவருக்கும் ஒரே சீட்டு, மற்ற ரெண்டு பேரும் முன்னால் தள்ளி இருந்தார்கள். குழந்தை அவர் மடியில் தூங்கிவிட்டாள். அவளுடைய செருப்பைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். காரமடை தாண்டும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"அவங்ககிட்டச் சொல்ல வேண்டாம். என்றகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்கப்பா" என்றேன்.

"உன்றகிட்டத்தான் கண்ணு சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்" என்றார். "கிரைண்டரு நின்னுபோச்சே, அன்னைக்கு நீ போன்ல சொன்னியே. இனி நீங்க குடுத்த சாமானத்துல ஒரு குறைன்னு இந்த ஊட்டுல ஒருத்தர் சொல்லிக் கேட்டேன்னா, பின்னால இருக்கற கெணத்துல போயி உழுந்துருவேன்னு."

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன். சொல்லக்கூடியவள்தான். சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து விருந்தாளிகளோடு உட்கார்ந்து ரெண்டு தோசை சாப்பிட்டிருப்பேன்.

"கடுதாசி வந்ததும் அந்தப் பேச்சுத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு" என்றார் அப்பா, குழந்தையின் தலை நழுவாமல் கையை அணைத்துக் கொடுத்துக்கொண்டே. "பிரேக்கை மாசத்துக்கொருக்கா மெக்கானிக்கு பாத்துக்குவான். கெணத்தை ஆரு கண்ணு பாத்துக்குவா?"

பெரியநாயக்கன்பாளையம் வந்தது. பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான் நகர்ந்து உட்கார்ந்து, பாப்பாவின் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.